பென்சிலில் இருக்கும்போதே முடிவெடுங்கள்

ஒரு ஓவியத்தில் உருவம் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்றிருக்க வேண்டும். ரஃப் ஸ்கெட்ச்சிலேயே அது கண்ணில் பட்டால், அழித்து வரைய ஐந்து நிமிடம். வண்ணம் பூசி முடித்த பிறகு பட்டால் இரண்டு நாள். அச்சேறிய பிறகு பட்டால் அத்தனை பிரதியும் வீண். தவறு ஒன்றுதான், எப்போது கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்து அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. எழுத்து, இசை, வடிவமைப்பு, அனிமேஷன், எடிட்டிங் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

கைத்திறன் நன்றாக இருந்தும் வேலை சுமாராக வருகிறது என்றால், பெரும்பாலும் காரணம் முடிவுகளின் வரிசைதான். முதலில் தீர்க்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளியிருப்போம், கடைசியில் தீர்க்க வேண்டியதை முதலிலேயே கட்டிப்போட்டிருப்போம். இங்கே சொல்வதெல்லாம் அந்த வரிசையைப் பற்றியது. உதாரணங்கள் அதிகமும் புத்தக அட்டை வடிவமைப்பிலிருந்து வருகின்றன. மற்ற துறைகளுக்கு மாற்றிக்கொள்வது கடினமில்லை.

சரி என்று சொல்வதற்கு முன்

போனில் வந்த வேலைக்குப் போனிலேயே சரி சொல்லாதீர்கள். "விவரத்தை மெயிலில் அனுப்புங்கள், நாளைக் காலை பதில் சொல்கிறேன்" என்பது போதும். இதனால் வேலை கைவிட்டுப் போவது அரிது. அப்படிப் போய்விடும் வேலைகளில் பல, அவசரத்தை உங்கள் தலையில் கட்டப் பார்த்தவைதான். அந்த ஒரு ராத்திரிக்குள் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்:

- இதை யார் பார்க்கப்போகிறார்கள்? பார்த்தபின் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?
- எங்கெல்லாம், எவ்வளவு காலத்துக்குப் பயன்படுத்துவார்கள்?
- கெடு எந்தத் தேதி? அந்தத் தேதியில் என்ன நடக்கிறது?
- கடைசியாக ஓகே சொல்லப்போகிறவர் யார்?

கெடுவுக்கான காரணத்தைக் கேட்பதில் ஒரு பயன் உண்டு. அச்சகத்தில் நாள் குறித்தாகிவிட்டது என்றால் அது அசையாது. "சும்மா ஒரு தேதி போட்டோம்" என்றால் அசையும். வேலை நடுவில் சிக்கல் வரும்போது இரண்டில் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பெரிய சேதமும் அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் பேசிக்கொண்டிருப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் அவருக்கு மேலே இருக்கும் இன்னொருவர். அந்த மேலாள் முதல் முறையாக வேலையைப் பார்ப்பதே முடிந்த பிறகுதான் என்றால், மூன்று வாரம் நடந்த எல்லா முடிவுகளும் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கும். அவரை ஸ்கெட்ச் கட்டத்திலேயே ஒருமுறை பார்க்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், அதையும் கணக்கில் சேர்த்துக் கெடுவும் கூலியும் சொல்லுங்கள்.

சரி சொல்வதோ மறுப்பதோ, எந்தப் பக்கம் போனாலும் ஒரு நோட்டில் ஐந்து வரி எழுதிவையுங்கள். தேதி, என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அது நடக்கும் என்பதில் எத்தனை சதவீதம் உறுதி. "பணம் சுமார், ஆனால் இந்த ஆசிரியரின் அடுத்த இரண்டு புத்தகங்களும் வரும், 70 சதவீதம்" என்ற அளவுக்கு வெளிப்படையாக எழுதுங்கள். பின்னால் நம் நினைவு நம்மையே ஏமாற்றும். நன்றாக முடிந்த வேலையை "அப்போதே தெரியும்" என்போம், கெட்டதை "அப்போதே சந்தேகம் இருந்தது" என்போம். எழுதிவைத்தது மட்டும் மாறாது.

எத்தனை நாள் ஆகும்?

நாம் சொல்லும் நாள்கணக்கு ஏறக்குறைய எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குப் பிளானிங் ஃபேலஸி, அதாவது திட்டமிடுவதில் வரும் ஏமாற்றம், என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரிப் பதில் சுமார் 34 நாள். எல்லாமே சொதப்பினால்கூட எத்தனை நாள் என்றதற்கு சுமார் 49. உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன எண்ணும்கூடப் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். "கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொள்வோம்" என்ற வழக்கமான வைத்தியம் அதனால்தான் பலிப்பதில்லை.

பலிப்பது பழைய கணக்கு. கடைசியாக முடித்த மூன்று வேலைகளை எடுங்கள். 20 மணி நேரம் என்று நினைத்தது 31 ஆனது, 10 என்றது 14, 40 என்றது 66 என்று வைத்துக்கொள்வோம். நினைத்தது மொத்தம் 70, ஆனது 111. வகுத்தால் ஏறக்குறைய 1.6. இதுதான் உங்கள் பெருக்கெண், மனசு சொல்லும் நேரத்தை இதால் பெருக்க வேண்டும். அடுத்த வேலைக்கு மனசு 16 மணி நேரம் என்றால், தாளில் 26 என்று எழுதுங்கள்.

அதை நாளாக மாற்றும்போது எட்டால் வகுக்காதீர்கள். மெயில், போன், பில், ஃபைல் தேடல் எல்லாம் போக, கூர்மையாகப் படைப்பு வேலை செய்ய ஒரு நாளில் நான்கு மணி நேரம் கிடைத்தால் நல்ல நாள். 26-ஐ நான்கால் வகுத்தால் ஆறரை, ஏழு வேலை நாள். இரண்டு முறை ஒப்புதலுக்கு அனுப்பினால், ஒவ்வொரு முறையும் பதில் வர இரண்டு நாள். மொத்தம் 11 வேலை நாள். மனசு சொன்ன "16 மணி நேரம், அதாவது இரண்டு நாள்" எங்கே, இது எங்கே! பெருக்கெண்ணை வேலையின் வகைக்குத் தகுந்தபடி தனித்தனியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பழகிய வகைக்கு 1.2 போதும், முதல் முறை செய்யும் வகைக்கு 2-க்கு மேலும் போகும்.

ஒப்பந்தத்தில் நான்கு வரி

பெரிய வக்கீல் தாள் இல்லாவிட்டாலும் ஒரு மெயிலில் இவை இருக்கட்டும்: என்ன தருகிறீர்கள், எத்தனை சுற்றுத் திருத்தம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், உரிமை யாருக்கு.

"சுற்று" என்றால் என்ன என்று விளக்கிவிட வேண்டும். எல்லோருடைய கருத்தையும் ஒன்றாகத் திரட்டி ஒரே மெயிலில் அனுப்புவது ஒரு சுற்று. இப்படி எழுதாவிட்டால் நாளுக்கு மூன்று குறுஞ்செய்தி வரும், ஒவ்வொன்றும் சின்னதாக இருக்கும், இரண்டு சுற்று முப்பது ஆகிவிடும். பணத்தில் பாதியை அட்வான்ஸாக வாங்குவது பரவலான வழக்கம். வேலை நடுவில் நின்றால் ஸ்கெட்ச் வரை வந்ததற்கு எவ்வளவு, முடித்ததற்கு எவ்வளவு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். சண்டை வந்த பிறகு இதைப் பேசவே முடியாது.

உரிமையைப் பொறுத்தவரை: பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், படைப்பு உருவான கணமே பதிப்புரிமை தானாகப் பிறக்கிறது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது அந்த உரிமை முதலாளிக்குப் போகலாம். இது நாட்டுக்கு நாடு மாறும். ஃப்ரீலான்ஸில் விற்பது முழு உரிமையா, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான அனுமதி மட்டுமா என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இந்த நூலின் அச்சு, மின்னூல் பதிப்புகளின் அட்டைக்கும் விளம்பரத்துக்கும், ஐந்து ஆண்டுகளுக்கு" என்றால் சுவர் காலண்டரில் அந்தப் படம் வரும்போது தனிக்கூலி கேட்கலாம். உங்கள் மாதிரித் தொகுப்பில் அதைக் காட்டும் அனுமதியையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு அட்டையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்

240 பக்க நாவல், 140 × 216 மி.மீ. அளவு. பதிப்பகம் சொன்னது: "உணர்வுபூர்வமாக இருக்கணும், பளிச்சுன்னு தெரியணும்." இதை வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினால் நாசம்தான். முதலில் இதை ஒரு வாக்கியமாக்குங்கள்: "பழைய வீட்டை விற்க வந்த மகள், விற்காமலே திரும்பும் கதை, தயக்கம் தெரிய வேண்டும், சோகம் தெரியக் கூடாது." அனுப்பி, சரியா என்று கேளுங்கள். இந்த வாக்கியத்தின் மீது ஓகே வாங்குவதுதான் முழு வேலையிலும் மிக மலிவான, மிக முக்கியமான ஒப்புதல்.

அடுத்து, தீப்பெட்டி அளவில் இருபது சின்னப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், வெறும் பென்சில். முதல் ஐந்தாறு படங்கள் வழக்கமானவையாகத்தான் இருக்கும்: பூட்டிய கதவு, ஜன்னலோரம் பெண், கையில் சாவி. இந்தக் கதையைக் கேட்கும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அவற்றை வரைந்து தள்ளிவிட்டால்தான் பின்னால் இருப்பவை வரும். பத்துக்கு மேல் எரிச்சல் வரும், அங்கே நிறுத்தாதீர்கள். பதினாலாவதோ பதினாறாவதோ, சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறாமல் சதுரமாக நிற்கும். யாரும் இல்லாத அந்தச் சுவரில் தயக்கம் இருக்கிறது.

மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் எண்ணத்தில் வேறுபட வேண்டும். ஒரே படத்தை மூன்று நிறத்தில் காட்டினால் எதிரில் இருப்பவர் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார், எண்ணத்தைப் பற்றிய கேள்வி கடைசி வாரத்தில் வெடிக்கும். அதே காரணத்தால் இந்தக் கட்டத்தில் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்க்கவே வேண்டாம். அதையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள், ஒரு மாதம் அதோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

இனி, முந்திக்கொண்டு எடுக்கக் கூடாத முடிவு ஒன்று உண்டு. அட்டையின் முதுகு அகலம். 240 பக்கம் என்றால் 120 தாள். தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 12 மி.மீ. விரித்த அட்டையின் அகலம் 140 + 12 + 140, இருபுறமும் 3 மி.மீ. வெட்டு மிச்சம் (அச்சகம் வெட்டி எறியும் ஓரம்) சேர்த்து 298 மி.மீ. இப்போது ஆசிரியர் ஒரு அத்தியாயம் சேர்க்கிறார், பக்கம் 288 ஆகிறது. முதுகு 14.4, மொத்த அகலம் 300.4. இரண்டரை மி.மீ. தானே என்று விட்டால் முதுகில் இருக்கும் தலைப்பு நடுவிலிருந்து விலகி, முன் அட்டைப் படத்தின் விளிம்பு முதுகுக்கு மடங்கும். பக்க எண்ணிக்கை உறுதியாகி, தாளின் தடிமனை அச்சகம் எழுத்தில் சொல்லும் வரை முதுகைக் கட்டாதீர்கள். முன் அட்டையும் முதுகும் தனித்தனி லேயரில் இருக்கட்டும்.

எந்த வேலையிலும் இரண்டு வகை முடிவுகள் கலந்து கிடக்கும். உங்கள் எண்ணத்தைச் சார்ந்த முடிவை முன்னால் கொண்டுவாருங்கள். பிறர் தரவேண்டிய தகவலைச் சார்ந்த முடிவைப் பின்னால் தள்ளுங்கள். வீடியோவில் கதை வரிசை முதல் வகை, சப்டைட்டில் நேரக்குறி இரண்டாம் வகை. படம் பூட்டப்படும் முன், அதாவது எடிட்டிங் முடிந்து இனி மாறாது என்று ஆவதற்கு முன், நேரக்குறி போட்டவர்களைக் கேட்டால் அந்த வலியைச் சொல்வார்கள்.

கருத்துக் கேட்பது

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. பதிலில் தகவல் வரும்படி கேளுங்கள். முதலில் கண் எங்கே போனது? எந்தப் பத்தியில் கவனம் சிதறியது? இது என்ன வகைக் கதை என்று தோன்றுகிறது? துறைக்காரர் ஒருவர், துறை தெரியாதவர் ஒருவர் போதும். பத்துப் பேரைக் கேட்டால் பத்துத் திசையில் இழுபடுவீர்கள்.

வாடிக்கையாளரின் கருத்தில் நோயும் மருந்தும் ஒட்டிக்கொண்டு வரும். "தலைப்பைப் பெரிசாக்குங்க" என்பது மருந்து. நோய், தலைப்பு கண்ணில் படவில்லை என்பது. நோயைப் பற்றி அவர் சொல்வதை நம்புங்கள், அவர் பார்வைக்கு அவர்தான் சாட்சி. மருந்து உங்கள் பொறுப்பு. தலைப்பைப் பெரிதாக்காமல் பின்னணியைக் கொஞ்சம் அடக்கினாலே அது தெரியக்கூடும். "உயிர் இல்லை", "ஏதோ குறையுது" போன்றவை வந்தால் உடனே திருத்த உட்காராதீர்கள். "எந்த இடத்தைப் பார்க்கும்போது அப்படித் தோன்றியது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் விரல் நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார்கள்.

பழகிப்போன கண்ணை ஏமாற்றுவது

நாலு மணி நேரம் பார்த்த படத்தில் தவறு தெரியாது. மூளை அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால் வேலையை அந்நியமாக்கிப் பார்க்க வேண்டும். படத்தைக் கண்ணாடி பிம்பம் போல் திருப்புங்கள், முகத்தின் கோணல் உடனே தெரியும். கறுப்பு வெள்ளையாக்குங்கள், எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிட்டால் நிறம் மட்டுமே அதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். திரையில் படிக்கும் சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டை இணைய அணுகல் வழிகாட்டி கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. இலவசக் கருவிகள் நொடியில் இதை அளந்து சொல்லும். அட்டையைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வாசகர்களில் பலர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

எழுத்தை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தில் கோளாறு இருக்கிறது. ஃபான்ட்டை மாற்றி, பெரிதாக்கி, தாளில் எடுத்துப் படித்தால் திரையில் பத்து முறை தப்பித்த பிழை பல்லிளிக்கும். இசையையோ ஒலியையோ மிகக் குறைந்த சத்தத்தில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒரே ஒலியாகக் கலந்து) ஒருமுறை கேளுங்கள். மோனோவில் ஒரு வாத்தியம் காணாமல் போனால் ஃபேஸ் சிக்கல், அதாவது இரண்டு பக்க ஒலி அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன.

ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பதற்கு ஈடான கருவி எதுவும் கிடையாது. கெடுவில் அந்த ஒரு ராத்திரியை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.

எப்போது நிறுத்துவது

கடைசி மூன்று மாற்றங்களில் இரண்டைப் பழையபடி திருப்பிவிட்டீர்கள் என்றால் வேலை முடிந்துவிட்டது. இதைப் பார்க்கவே பதிப்புகளைத் தேதியும் எண்ணும் போட்டுச் சேமியுங்கள். ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல் என்று பெயர் வைத்தால் எது எதற்கு முந்தியது என்பது உங்களுக்கே தெரியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தவறான எண்ணத்தில் மூன்று வாரம் உழைத்துவிட்டதால் அதையே பிடித்துத் தொங்குவது. அப்போது ஒரு கேள்வி உதவும்: இன்றைக்குத்தான் இந்த வேலை கையில் வந்தது, இதுவரை யாரோ ஒருவர் இவ்வளவு செய்து வைத்திருக்கிறார் என்றால், இதைத் தொடர்வீர்களா, புதிதாகத் தொடங்குவீர்களா? போன மூன்று வாரம் எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வராது. மிச்சமிருக்கும் நாளை மட்டும் எண்ணுங்கள்.

அனுப்புவதற்கு முன்

உளவியலாளர் கேரி க்ளைன் பரவலாக்கிய ப்ரீமார்ட்டம் முறையைப் பத்து நிமிடம் செய்யுங்கள். "வேலை அனுப்பி ஒரு வாரம் ஆகிவிட்டது, படுதோல்வி. ஏன்?" என்று கேட்டு, தோன்றும் காரணங்களை எழுதுங்கள். "தோற்கக்கூடும்" என்று யோசிப்பதைவிட "தோற்றுவிட்டது" என்று வைத்துக்கொண்டு யோசித்தால் காரணங்கள் திட்டவட்டமாக வரும்.

பிறகு சரிபார்ப்பு. அச்சுக்கு என்றால் உண்மையான அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். நம் முன் அட்டை, மேலே, கீழே, திறக்கும் ஓரம் என மூன்று பக்கமும் 3 மி.மீ. மிச்சத்தோடு 143 × 222 மி.மீ., அதாவது சுமார் 1,690 × 2,622 பிக்சல். அதைவிடச் சிறிய புகைப்படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எண்ணிக்கை ஏறும், தெளிவு ஏறாது. நிறம் ஆர்ஜிபியா (திரைக்கான முறை) சிஎம்ஒய்கேயா (அச்சு மைக்கான முறை), எந்தப் புரொஃபைல் (நிற அமைப்பு) என்று அச்சகத்தைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். திரையில் கண்ணைப் பறிக்கும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும், அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ் எழுத்தாக இருந்தால் இன்னொரு பார்வை கட்டாயம்: லேஅவுட் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு போடாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு இடம் மாறிவிடும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைத் திறந்து "கொ", "கௌ", "ஸ்ரீ" வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மென்பொருளில் சரியாக இருந்தது போதாது.

காப்புப்பிரதி மூன்று, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பு இருப்பதாகவே எண்ணக் கூடாது.

ஆண்டுக்கு ஒரு தாள்

ஐந்து வரி நோட்டை ஆண்டுக்கு ஒருமுறை விரித்து, முடித்த வேலைகளை ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். வேலையின் பெயர், உண்மையில் ஆன மணி நேரம், கைக்கு வந்த பணம், மாதிரித் தொகுப்பில் வைப்பீர்களா, அதே ஆளுக்கு மறுபடி செய்வீர்களா. பணத்தை மணி நேரத்தால் வகுத்தால், பெரிய தொகை தந்த வேலை மணிக்கணக்கில் கடைசியில் நிற்பது அடிக்கடி நடக்கும். பணமும் குறைவு, தொகுப்பிலும் இடமில்லை, ஆளும் வேண்டாம் என்று மூன்று கட்டத்திலும் தோற்ற வகையை அடுத்த ஆண்டு ஏற்பதில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

தொகுப்பில் எதை வைக்கிறீர்களோ அந்த வகை வேலைதான் தேடி வரும். நன்றாகச் செய்திருந்தாலும், இனிச் செய்ய விரும்பாததை எடுத்துவிடுங்கள். செய்ய விரும்பும் வகையில் வேலை இல்லை என்றால் இரண்டு மூன்றை நீங்களே சொந்தமாகச் செய்து வையுங்கள், சொந்த முயற்சி என்ற குறிப்போடு.

கடைசியாகச் சதவீதங்களைப் பாருங்கள். 70 சதவீதம் உறுதி என்று எழுதிய பத்து முடிவுகளில் ஏழு பலித்திருந்தால் உங்கள் கணிப்பு சரியான அளவில் இருக்கிறது. நாலுதான் பலித்தது என்றால், அடுத்த முறை 70 என்று தோன்றும் இடத்தில் 40 என்று எழுதி, அதன் பிறகும் அந்த வேலைக்குச் சரி சொல்வீர்களா என்று பாருங்கள்.